ஒருத்தியுள் இருவர்: தோட்டத்துப் புனைகதையில் தாயும் மகளும்

கதைக்கு உயிராவது முரண் என்பர். அம்முரணைப் புறமுரண், அகமுரண் என இரண்டாக வகுத்தல் மேனாட்டுத் திறனாய்வு நூல்களின் வழியே எம்மிடத்து வந்து சேர்ந்த வழக்கு. மாந்தர் பிறரோடும் சமுதாயத்தோடும் மோதுவது புறமுரண். தம் நெஞ்சோடு தாமே மோதுவது அகமுரண். வகுப்பறையிற் பாடஞ் சொல்வதற்கு இப்பாகுபாடு வசதியானதே. ஆயினும் தாய்க்கும் மகளுக்குமிடையே எழும் பிணக்கைப் பொருளாகக் கொண்ட கதைகளை, எம்மைச் சூழவுள்ள சபரகமுவ மாகாணத்துத் தோட்டங்களின் வாழ்வினை மனத்திற் கொண்டு படிக்கப் புகுவோமாயின், இவ்விரண்டையும் பிரிக்கும் கோடு நெடுநேரம் நிற்பதில்லை. அஃது ஏன் அழிகின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழிலக்கியத்தில் இவ்வுறவு புதிய பொருளன்று. சங்க அகப்பாடல்களிற் களவு வெளிப்படுமிடமெல்லாம் தாய் நிற்கிறாள். மகளின் மேனி வேறுபாடு கண்டு ஐயுறுகிறாள், வேலனை அழைத்து வெறியாட்டு அயர்கிறாள், இற்செறிக்கிறாள், மகள் உடன்போக்கிற் சென்றபின் வெறுமனையில் நின்று புலம்புகிறாள். ஆயின் ஒன்றை ஈண்டுக் கவனித்தல் வேண்டும். தாயும் மகளும் முகத்துக்கு முகம் நின்று வழக்காடுவது அப்பாடல்களில் அரிது. தலைவி தன் நெஞ்சத்துள்ளதைத் தோழிக்கு உரைப்பாள்; தோழி செவிலிக்கு அறத்தொடு நிற்பாள்; செவிலி நற்றாய்க்கு அறத்தொடு நிற்பாள். பெற்றவளுக்கும் பிறந்தவளுக்கும் இடையே இரண்டு பெண்கள் நின்று, சினத்தையும் நாணத்தையும் தாங்கிக் கைமாற்றிக் கொடுக்கின்றனர். செல்வமனையின் ஒழுங்கு அது. நற்றிணை 110ஆம் பாடலில் வரும் சிறுமிக்குப் பொற்கலத்திற் பால் ஏந்தி நின்று, அடிப்பதுபோற் கோலோச்சி உண்பிக்கச் செவிலியர் இருந்தனர். பின்னர் அவள் கணவன் வீட்டு வறுமையில் ஒருபொழுது விட்டு ஒருபொழுது உண்ணும் உறுதி எங்ஙனம் பெற்றாள் என வியக்கவும் மூத்த பெண்ணொருத்தி இருந்தாள். தாயின் பணி பலர்மேற் பங்கிடப்பட்டிருந்தது.

இப்பங்கீட்டின் வேறொரு வடிவத்தை மணிமேகலையிற் காண்கிறோம். தாய் மகள் முரணைத் தொழிலோடு சேர்த்துச் சொன்ன முதற்பெருங் காப்பியம் அதுவே என்பது எம் கருத்து. சித்திராபதி, மாதவி, மணிமேகலை என மூன்று தலைமுறைப் பெண்கள். குலத்தொழில் பேத்தியிடம் தொடரவேண்டும் என்பது பாட்டியின் வழக்கு. இந்திரவிழாவிற்கு வாராதிருந்த மாதவியிடம் அவள் வயந்தமாலையைத் தூது விடுகிறாள். மாதவியோ, மணிமேகலை கண்ணகியின் மகளென்றும், அவள் தவவழியே செல்வாளன்றி இழிதொழிலிற் புகாளென்றும் மறுத்துரைக்கிறாள். தான் பெற்ற மகளைத் தன் மகளல்லள் என்று சொல்லியே அவளைக் காக்கும் இவ்விடம், தமிழிலக்கியத்தில் வரும் தாய்மொழிகளுள் மிகக் கடினமானது. தன்னைத் துடைத்தெறிந்தே மகளுக்கு வழி திறக்கிறாள் மாதவி. இதனால் வரும் மோதல் புறத்தே நிகழ்கிறது. ஒரு பக்கம் சித்திராபதி, மறுபக்கம் மாதவி. அகமுரணோ வேறிடத்தில் இருக்கிறது. தன்னை இகழ்ந்துரைத்த உதயகுமரன்பின் தன் நெஞ்சு சென்றதென மணிமேகலை சுதமதியிடம் சொல்லிக் கொள்கிறாளே, அந்த இடத்தில். பாட்டியும் தாயும் அவளது எதிர்காலம் பற்றி வழக்காடுகையில், அவள் நெஞ்சை இருவருள் எவரும் கேட்டாரல்லர். கேட்டவள் தோழி.

இனி எம் மாகாணத்துக்கு வருவோம். கேகாலை மாவட்டத்தில் எட்டியாந்தோட்டை, தெஹியோவிற்ற, தெரணியகலை, புளத்கொஹுபிட்டியப் பகுதிகளிலும், இரத்தினபுரி மாவட்டத்தில் பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, நிவித்திகலைப் பகுதிகளிலும் தேயிலையும் இறப்பரும் கலந்து பரந்து கிடக்கின்றன. இத்தோட்டங்களின் லயங்களிலே செவிலியுமில்லை, தோழிக்கெனத் தனியிடமுமில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடியளவான ஒரு காம்பரா. முன்னே ஓர் இஸ்தோப்பு. ஒரு காம்பராவில் இருமினால் மறு காம்பராவிற் கேட்கும். தாயும் மகளும் உறங்குவதும் சமைப்பதும் சினப்பதும் அவ்வளவிலேயே. அதன்மேல், தோட்டத்துத் தாய் மகளுக்குச் சித்திராபதியாகவும் மாதவியாகவும் ஒருங்கே இருக்க வேண்டியவளாகிறாள். மகளின் பெயர் செக்றோலிற் பதியப்பட்டால் வீட்டுக்கு இன்னொரு சம்பளம். ஆகவே பேர் பதிய வேண்டும் என்பது அவளுள் ஒருத்தியின் குரல். கூடையின் கயிறு தன் தலையிற் பதித்த தழும்பு மகளின் தலையில் ஏறக்கூடாது; ஆகவே அவள் பள்ளிக்கூடம் போகவேண்டும் என்பது மற்றவளின் குரல். சாத்தனார் இரண்டு பெண்களிடம் பகுத்துக் கொடுத்த வழக்கினை இத்தாய் தன்னொருத்தியின் நெஞ்சினுள் நடத்துகிறாள். காலையில் மாதவியாக எழுந்தவள், மாதக்கடைசியில் கடைக்கணக்குப் பார்க்கும்போது சித்திராபதியாகிவிடுகிறாள். மகளின் கண்ணுக்கோ சித்திராபதி மட்டுமே தெரிகிறாள். பிணக்கு அங்கே தொடங்குகிறது.

தாயின் நெஞ்சில் நடக்கும் இவ்வழக்கு அவளே தொடுத்ததன்று. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனச் சட்டம் ஆணுக்கு ஒரு வீதம், பெண்ணுக்கு ஒரு வீதம், சிறுவர்க்கு ஒரு வீதம் என வகுத்தது. தாயின் நாளுக்கு ஒரு விலை, மகளின் நாளுக்கு அதனினும் குறைந்த விலை எனச் சட்டமே எழுதிவைத்தது. பெண்ணின் நாட்சம்பளம் ஆணின் சம்பளத்தோடு சமமாக்கப்பட்டது 1984ஆம் ஆண்டிலேதான். அதன் பின்னருங்கூடப் பல தோட்டங்களிற் பெண்ணின் சம்பளத்தைச் சென்று வாங்கியவன் கணவனோ தகப்பனோ ஆவான். மகளை வேலைக்கு அனுப்பு என்று வற்புறுத்தும் தாய், தன் கைக்கு வராத காசுக்காகவே வற்புறுத்துகிறாள் என்ற உண்மையை இதனோடு சேர்த்துப் படித்தல் வேண்டும்.

தோட்டத்துப் பெண்ணைத் தமிழ்ப் புனைகதைக்குள் வன்மையோடு கொண்டுவந்த முன்னோடிப் படைப்பு புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ என்பது பலரும் அறிந்ததே. 1935ஆம் ஆண்டு மணிக்கொடியில் வெளிவந்தது. திருநெல்வேலிச் சீமையின் வாசவன்பட்டியிலிருந்து மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்கிறாள். அவள் மகள் வெள்ளச்சி. ஆசிரியர் இலங்கையைக் கண்டவரல்லர். எனினும் தோட்டத்தின் கொடுமை தலைமுறைதோறும் பெண்வழியே இறங்குகின்றது என்பதை அவர் கண்டுகொண்டார். ஒன்று மட்டும் கூறுவேன். மருதியின் துன்பம் பெரும்பாலும் புறத்தேயிருந்து வருவது. கங்காணியும் துரையும் நோயும் அவளைத் தாக்குகின்றனர். மகளைக் காப்பதில் அவளுக்கு ஐயமேதுமில்லை. ஐயமில்லாத் தாய் எங்கள் இரக்கத்தைப் பெறுவாள். ஆயின், இந்த லயங்களில் இன்று வாழும் தாயை அவளிடத்தில் முழுமையாகக் காண்பதற்கில்லை. மருதிக்கு எதிரி வெளியே நின்றான். எங்கள் தாய்மாருக்கோ எதிரியின் குரல் தம் வாயினின்றே புறப்படுகின்றது.

பின்வந்த ஈழத்து மலையக எழுத்தாளர்கள் தோட்டத்தை உள்ளிருந்து எழுதினர். சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்திலும் தமிழிலும் இம்மக்களின் வாழ்வைத் தீட்டினார். அவர்தம் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டியும் தந்தார். கோகிலம் சுப்பையா 1964ஆம் ஆண்டு வெளியான ‘தூரத்துப் பச்சை’யிற் பெண்ணொருத்தியின் வாழ்வையே நாவலின் நடுவில் நிறுத்தினார். என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ கொழுந்தெடுக்கும் இளம்பெண்ணொருத்தியின் உழைப்பினையும் மானத்தினையும் ஒரே தராசில் நிறுத்திப் பார்த்தது. இவற்றைப் போற்றிய திறனாய்வாளர், எழுத்தின் சிறப்பை அது காட்டிய புறப்போராட்டத்தைக் கொண்டே அளந்தனர். கங்காணிக்கும் தொழிலாளிக்கும், துரைக்கும் சங்கத்துக்கும் இடையே நிகழ்ந்த மோதல்களே அவர்கள் கண்ணிற் பட்டன. அக்காலத்தின் தேவை அது, குறை கூறுவதற்கில்லை. ஆயினும் அடுப்படியில் நடந்த போராட்டம் சிறிய போராட்டமென எண்ணப்பட்டுவிட்டது. அடுத்த தலைமுறை தோட்டத்தில் நிற்குமா, நீங்குமா என்பது பெரும்பாலும் தீர்மானிக்கப்பட்டது அங்கேதான்.

தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ என்னும் சிறுகதையை ஈண்டு எடுத்துக்கொள்வோம். ஒற்றைக் காம்பராவில் வளர்ந்த பிள்ளைகளோடு வாழும் குடும்பம். இருளில், மனைவியென எண்ணி மகளைத் தொட்டுவிடுகிறான் தகப்பன். மலையகச் சிறுகதைகளுள் இத்துணைத் துணிவோடு லயத்தின் இடநெருக்கடியைச் சொன்ன கதை பிறிதொன்றிருத்தல் அரிது. அறையின் அளவு அறத்தின் அளவாகிவிடுவதை ஆசிரியர் ஒரு நொடியிற் காட்டிவிடுகிறார். கதையைப் படித்து முடித்தவர் அந்தத் தகப்பனின் கூசலை மறக்கவியலாது. எம் உள்ளத்தில் மேலும் ஒரு வினா எழுகின்றது. மறுநாட் காலை அதே அடுப்பின் முன், தேநீருக்கு நீர் கொதிக்கையில், தாயும் மகளும் எப்படி நின்றிருப்பர்? யார் முதலிற் பேசியிருப்பர்? பேசாதிருந்தால், அப்பேச்சின்மை யார்மேற் பாரமாய் விழுந்திருக்கும்? மகளை விரைந்து மணமுடித்து அனுப்பிவிடவேண்டும் என்று அன்று ஒரு தாய் துணிந்தால், அத்துணிவு மகளின் நன்மைக்கா, அறையின் நன்மைக்கா என்று அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியுமா? தோட்டத்தில் இளமணங்கள் பற்றிச் சமூக ஆய்வுகள் அறியாமையைக் காரணங் காட்டுவதுண்டு. அவ்வாய்வாளர் ஒருமுறை பத்தடிக் காம்பராவில் ஓரிரவு தங்கிப் பார்த்தால், காரணத்தை வேறுவிதமாக எழுதக்கூடும்.

சுவருக்கு அப்பாலுள்ள செவி தாயின் அறத்தை எங்ஙனம் திருத்துகின்றது என்பதற்குத் தமிழ்நாட்டுக் கதையொன்று சான்றாகும். ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966ஆம் ஆண்டு ஆனந்த விகடனில் வெளிவந்து பெருவிவாதத்தை எழுப்பியது. மழை நாளில் காரிலேற்றிச் செல்லப்பட்டுக் கெடுக்கப்பட்ட மாணவி வீடு திரும்புகிறாள். தாய் முதலிற் பதறிச் சினக்கிறாள். பின்னர் நடந்ததை உலகறியாது மூடி, மகளின் தலையில் நீர்வார்த்து, நீ தூயவளென்று சொல்லி ஏற்றுக்கொள்கிறாள். அதே நிகழ்ச்சியை அவரே ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்னும் நாவலில் மாற்றி எழுதினார். அங்குத் தாயின் கூக்குரல் வெளியே செல்கின்றது, செய்தி பரவுகின்றது, கங்காவின் வாழ்வே திசை மாறுகின்றது. இரண்டு தாய்மாருக்கும் அன்பில் வேற்றுமையில்லை. குரலின் உயரத்தில் மட்டுமே வேற்றுமை. தாய் தன் குரலை அடக்கினாளா, உயர்த்தினாளா என்பதிலேயே மகளின் ஊழ் அமைகின்றதென்றால், அகமுரணும் புறமுரணும் ஒரு மண்சுவரின் இருபுறமும் ஒட்டிக்கொண்டிருப்பன என்பது தெளிவாகும். குரலடக்குவதற்கு வேண்டிய தனியிடத்தை லயத்துத் தாய்க்கு யாரும் தரவில்லை.

அம்பையின் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ இத்துறையில் இன்றும் விஞ்சப்படாத கதை. 1971ஆம் ஆண்டு வெளிவந்தது. சிறுமியொருத்தி தாயை அழகின் வடிவாகவே எண்ணியிருக்கிறாள். தாய் ஊரிலில்லாத வேளையிற் பூப்பெய்துகிறாள். இஃதென்னவென்று தாய் வந்து சொல்லுவாள் எனக் காத்திருக்கிறாள். உறவுப்பெண்ணின் மணப்பேச்சு நிறத்தினால் முறிந்த கசப்போடு திரும்பி வந்த தாயோ, இதற்குள் என்ன அவசரம் என்னும் பொருள்படச் சலித்துக்கொள்கிறாள். கதை அவ்வளவே. கொலை என்ற சொல் தலைப்பில் நிற்கிறது. கொல்லப்பட்டது மகளின் உள்ளத்திலிருந்த தாய்.

இக்கதையைச் சில ஆண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்பிற் பாடமாக அன்றிப் பொதுவாசிப்பாகப் படித்துக் காட்டினேன். தாயின் கொடுஞ்சொல்லை மாணவியர் கண்டிப்பர் என எதிர்பார்த்தேன். இறப்பர்த் தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவி, “அம்மா வேற எப்படிச் சொல்லுவாங்க, டீச்சர்?” என்று கேட்டாள். அவள் தாயைக் காக்க வந்தவளல்லள். அந்நாளில் தாய் வேலைக்குப் போகாது நிற்கவேண்டும். சடங்குக்குக் கடன் வாங்கவேண்டும். அன்று முதல் மகளைத் தனியே விறகுக்கு அனுப்ப முடியாது. இவற்றையெல்லாம் அவள் விரலால் எண்ணிக் காட்டினாள். அம்பையின் கதையிற் சிறுமிக்குக் கிட்டாத விளக்கம் இம்மாணவிக்கு எட்டியிருந்தது. எட்டியதனால் அவள் புண்படவில்லை என்று கொள்ளலாகாது. தாயின் காரணம் விளங்கியபின்னும் மகளுக்கு வலி நிற்கின்றது. குற்றஞ் சாட்டுவதற்கு ஆளில்லாத வலி அது. நம் எழுத்தாளர்க்கு இன்னும் பெரிதும் அகப்படாத அகமுரண் இதுவே என்பேன்.

பிறமொழியில் இதனையொத்த ஒன்றை அமெரிக்க எழுத்தாளர் டில்லி ஓல்சனின் சிறுகதையிற் காண்கிறேன். துணிகளை இஸ்திரிபோட்டு நிற்கும் தொழிலாளித் தாய், தன் பத்தொன்பது வயது மூத்த மகள் எமிலியைப் பற்றித் தனக்குள்ளே பேசுவதாக அமைந்தது அது. கணவன் விட்டுப்போன காலத்திற் பிள்ளையைப் பிறரிடம் விட்டு வேலைக்குப் போனதும், பின் உறவினரிடமும் நோயாளிப் பிள்ளைகளின் இல்லத்துக்கும் அனுப்பியதும் அவள் நினைவில் ஒவ்வொன்றாக வருகின்றன. தாய் தன்னை நியாயப்படுத்தவுமில்லை, சபித்துக்கொள்ளவுமில்லை. கை வேலையை நிறுத்தாமலே எண்ணுகிறாள். பிள்ளைக்காம்பராவின் ஆயாவிடம் கைக்குழந்தையை விட்டுவிட்டு, பால் கட்டிய மார்போடு மலையேறிய எந்தத் தாய்க்கும் அக்கதை அந்நியமாய் இராது. அவளுக்கு அதனைப் படித்துக் காட்டுவாரில்லை என்பது வேறு.

சபரகமுவத் தோட்டங்களுக்கென்றே அமைந்த சில நிலைமைகளை இனிக் கூறவேண்டும். எமது புகழ்பெற்ற மலையகக் கதைகளுட் பல, நுவரெலியா, பதுளை மலைகளின் தேயிலையைக் களமாகக் கொண்டவை. அங்கே கொழுந்து நிரை ஒரு கூட்டுக்களம். புதிதாகப் பேர் பதிந்த மகள் தாயின் பக்கத்து நிரையில் நிற்பாள். அவள் கூடை நிரம்பாவிட்டால் தாய் தன் கைக்கொழுந்தை அள்ளிப் போடுவாள். அரைப்பேர் விழாமற் காப்பாள். திட்டிக்கொண்டே அள்ளிப் போடுவாள் என்பதையும் சொல்லவேண்டும். தாயின் கடுமையும் கனிவும் ஒரே கையசைவில் நிகழ்வதை நிரையிற் காணலாம். இறப்பர்த் தோட்டத்தில் இதற்கு இடமில்லை. ஒருத்திக்கு 250 முதல் 300 மரம் எனப் பகுத்துக் கொடுக்கப்படும். வெயில் ஏறினாற் பால் வடிவது குறையுமாதலின், விடியுமுன் கத்தியோடு புறப்படவேண்டும். ஒவ்வொரு மரத்திலும் பட்டையை மெல்லிதாகச் சீவி, சிரட்டையை நேராக்கி, அடுத்த மரத்துக்கு நடக்கவேண்டும். கத்தி ஆழப்பட்டால் மரம் புண்படும், கணக்கப்பிள்ளை ஏசுவார். பால்வெட்டு தனிமைத் தொழில். தாய் ஒரு சரிவில், மகள் மறு சரிவில். மகளின் வாளியிற் பால் ஊற்ற ஒருவரும் வாரார். அரையிருளில் மகள் தனியே நிற்கிறாள் என்ற அச்சம் தாயின் கைநடுக்கமாக மாறுவதை ஒருவர் கதையாக எழுதினால், அதற்கு வில்லன் ஒருவன் தேவைப்படமாட்டான். மழை பெய்தால் வெட்டில்லை, வெட்டில்லையேற் சம்பளமுமில்லை. தென்மேல் பருவக்காற்றின் மாதங்களில் இவ்விரு மாவட்டங்களிலும் எத்தனை நாட்கள் தாயும் மகளும் ஒரே காம்பராவில் ஈரத்தோடும் பசியோடும் முகம்பார்த்து அமர்ந்திருப்பர் என்பதை இம்மாகாணத்தில் வளர்ந்தோர் அறிவர். என் தாயாரும் பால்வெட்டுக்காரியே. எங்கள் வீட்டுச் சண்டைகளிற் பெரியவையெல்லாம் மழைநாட்களில் நடந்தவை.

இரண்டாவது, மொழி. இத்தோட்டங்கள் சிங்களக் கிராமங்களின் நடுவே சிறு சிறு திட்டுகளாகக் கிடக்கின்றன. பல பிள்ளைகள் அண்மையிலுள்ள சிங்களப் பாடசாலையிற் படித்தனர், இன்றும் படிக்கின்றனர். தாய் தமிழில் ஏச, மகள் சிங்களத்தில் முணுமுணுப்பதைப் பல வீடுகளிற் கேட்கலாம். ஆசுபத்திரியிலும் கச்சேரியிலும் பொலிசிலும் தாய்க்காகப் பேசுபவள் மகள். தாயின் நோயைத் தாயின் உடலைப் பற்றிய சொற்களோடு அந்நிய மருத்துவரிடம் மகள் மொழிபெயர்த்துச் சொல்லவேண்டும். நாணத்தால் அவள் ஒரு சொல்லை விட்டுவிட்டால் மருந்து மாறிப்போகும். வீட்டில் அதிகாரம் தாயிடம். வாசலைத் தாண்டினால் அதிகாரம் மகளிடம். இத்தலைகீழ் மாற்றத்தைப் போல் நாவலுக்கு வளமான பொருள் வேறெங்குக் கிட்டும்? சங்ககாலத் தோழியும் செவிலியும் செய்த இடைநிலைப்பணி இங்கே மகள்மேலேயே விழுந்துவிட்டது. தாய்க்கும் உலகுக்கும் இடையே அவளே நிற்கிறாள்.

மூன்றாவது, அச்சம். 1977ஆம் ஆண்டிலும் 1983ஆம் ஆண்டிலும் நாடளாவ எழுந்த வன்செயல்களோடு, 1981ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் தாக்கப்பட்டன. லயங்கள் எரிந்தன, பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பெயர்ந்தன. அந்நாட்களிற் குமரிப்பெண்ணை உடைய தாய் இரவெல்லாம் தேயிலைச் செடிகளுக்கிடையே ஒளிந்திருந்தாள். அதனைக் கண்ட தாய் பின்னர் மகளை வெளியே விடாள். மகளோ அவ்வாண்டின் பின் பிறந்தவள். தாயின் கட்டுப்பாட்டைப் பழமைப் பிடிவாதம் என்கிறாள். இற்செறிப்பு என்னும் அகத்துறைக்குச் சங்கப்புலவர் கூறாத காரணமொன்றை இவ்வாண்டுகள் சேர்த்துவிட்டன. தாய் தான் கண்டதை மகளுக்குச் சொல்லாமலே அடைத்து வைக்கிறாள். சொல்லாமைக்குக் காரணம் உண்டு: சொன்னால் மகள் அவ்வயலவரோடு நாளைக்கு எப்படிப் பழகுவாள்? மகள் அவர்களோடுதான் வாழவேண்டியவள்.

நாட்டை விட்டுப் போனோர் கதையை விரித்துரைக்க இங்கு இடமில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1964ஆம் ஆண்டுச் சிறிமா சாஸ்திரி உடன்படிக்கையும் இம்மக்களைக் கடதாசிகளாற் பிரித்தன. உடன்படிக்கையின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். மணமான பெண் கணவன் குடும்பத்தோடு போகவேண்டியவளானாள். விண்ணப்பம் எழுதியோரிடம் அவளது விருப்பத்தை எழுதுவதற்குத் தனிக்கட்டமில்லை. மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ எனப் பெயரிட்ட ரெயிலின் சன்னலில் மகளும் மேடையில் தாயுமாக நின்ற காட்சி கதைகளிலும் நினைவுகளிலும் பன்முறை வந்துள்ளது. கண்ணீரை மட்டும் எழுதியவர்கள் ஒன்றை விட்டுவிட்டனர். அம்மகளுள் ஒருத்தியேனும் பிரிவில் ஒரு விடுதலையை உணர்ந்திருக்கக் கூடும். அத்தாய்மாருள் ஒருத்தியேனும், ஒரு சண்டையைச் சமாதானம் செய்யாமலே அனுப்பியிருக்கக் கூடும். தலைமன்னார்க் கப்பல் 1984ஆம் ஆண்டு நின்றுபோயிற்று. முடியாத சண்டைகள் கடலின் இரு கரையிலும் நின்றன.

அதன் பின் நிலை மறுபடியும் மாறியது. தாய்மார் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுவேலைக்குச் சென்றனர். மகள்மார் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் சென்றனர். தாய் பிறர் பிள்ளைக்குச் சோறூட்ட, வீட்டில் மூத்த மகள் தம்பி தங்கையர்க்குத் தாயாகிறாள். ஈராண்டு கழித்துத் திரும்பிய தாய் அடுப்படிக்குள் நுழைகையில், உப்பு எங்கே இருக்கிறது என்று மகளைக் கேட்கவேண்டியிருக்கும். அந்தக் கேள்வியில் ஒரு நாவல் அடங்கியிருக்கிறது.

தாயைத் தெய்வமாகவோ தியாகியாகவோ மட்டும் எழுதும் வழக்கம் எம் எழுத்தாளரை இன்னும் முற்றாக விட்டபாடில்லை. சஞ்சிகைகளுக்கு வரும் கதைகளைத் தேர்ந்தெடுக்கும் பணியில் இருப்பவர் இதனை ஒப்புவர். தாய் உழைத்துத் தேய்கிறாள். மகள் படித்து உயர்கிறாள். முடிவில் மகள் தாயின் காலில் விழுகிறாள். இவ்வமைப்பிற் பொய்யில்லை, ஆனால் முரணுமில்லை. படித்து உயர்ந்த மகள் தன் தோழியர் முன் தாயைக் கண்டு கூசியதை யார் எழுதுவது? மகளின் பள்ளிப்பையை ஒருநாள் அடுப்பிலிட்ட தாய், மறுநாள் அடகுவைத்துப் புதிய பை வாங்கினாள் என்றால், அவளை எந்தப் பட்டியலிற் சேர்ப்பது? சித்திராபதியைத் தீயவளென்றும் மாதவியை நல்லவளென்றும் பிரித்துப் படித்துப் பழகிய கண்களுக்கு இத்தாய் அகப்படுவதில்லை. சித்திராபதியுங்கூடப் பேத்தி சிறைப்பட்டபோது அரசியிடம் சென்று அவளைத் தன்னிடம் தருமாறு வேண்டியவள்தான். அது தொழிலுக்காகவா, பாசத்துக்காகவா என்று அவளிடம் கேட்டால், அவளும் திகைத்திருப்பாள்.

இவ்வாண்டு இம்மலருக்கென மாணவியர் எழுதித் தந்த கதைகளுள் ஒன்று முற்றுப்பெறாதது, ஆகையால் அச்சேறவில்லை. அதில் வரும் தாய் பால்வெட்டுக் கத்தியை ஒவ்வொரு நாளும் கூரைக் கைமரத்தின் மேலே மகள் காணாதபடி மறைத்து வைக்கிறாள். மகளுக்கு அவ்விடம் தெரியும். தாய்க்குக் காய்ச்சல் காண்கிறது. மகள் பாடசாலைச் சீருடையோடு கூரையைப் பார்த்து நிற்கிறாள். தாய் போர்வைக்குள்ளிருந்து அவளைப் பார்க்கிறாள். அவ்விடத்தில் கதை நின்றுவிட்டது. எழுதியவளை அழைத்து, பின்னர் என்ன நடந்ததென்று கேட்டேன்.

“தெரியல்ல டீச்சர். இந்தக் கிழமை முழுக்க மழை; வெட்டே இல்ல.”